மதுரையில் கார் இசிஎம் ரிப்பேர்: மாற்றச் சொன்ன பெட்டி பிழைத்த கதை

அப்பாவின் டீசல் கார் 2013 மாடல். திருநகர் வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் நிற்கும். நாங்கள் சிங்கப்பூரிலிருந்து வரும்போதுதான் அதிகம் ஓடும். இந்தத் தீபாவளிக்கு வந்தபோது அடைமழை. மழை வெறித்ததும் வண்டியை எடுத்தால், செல்ஃப் நன்றாக எடுக்கிறது, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை.

ரெக்கவரி வண்டி வைத்து கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினோம். ஸ்கேனர் போட்டுப் பார்த்துவிட்டு, "இசிஎம் போயிருச்சு சார், புதுசு மாத்தி கோடிங் பண்ணணும்" என்றார்கள். இசிஎம் என்பது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டி; கோடிங் என்பது புதுப் பெட்டியை வண்டியோடும் சாவியோடும் பொருத்தும் வேலை. 60,000 ரூபாயைத் தாண்டும், பாகம் வர நாளாகும். எதை அளந்து பார்த்து இந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று கேட்டேன். ஸ்கேனர் காட்டிய கோளாறுப் பட்டியலை நீட்டினார்கள். அதற்கு மேல் பதில் இல்லை.

"வித்துரலாம்டா" என்றார் அப்பா. எனக்கு மனசே வரவில்லை. ஆர்சி 2028 வரை செல்லும், இன்ஜினில் ஒரு குறையும் கிடையாது. சிங்கப்பூரில் கார் வைத்திருக்க அரசு தரும் 10 வருட அனுமதி (சிஓஇ) முடிந்ததும் பெரும்பாலான கார்கள் ரோட்டைவிட்டுப் போய்விடும். இவ்வளவு பழைய வண்டியின் இசிஎம்மைப் பிரித்து உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டைப் பார்க்கும் வேலையை நான் அங்கே கண்டதே இல்லை. சித்தப்பா மகன்தான் காளவாசல் பக்கம் ஒரு சந்தில் இசிஎம் போர்டு வேலை மட்டுமே பார்க்கும் எலக்ட்ரீஷியன் இருக்கிறார் என்று சொல்லிக் கூட்டிப்போனான். டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1911-ல் கம்பெனி தொடங்கிய ஊர் இது. இங்கே வண்டி வேலை தெரிந்தவருக்குப் பஞ்சம் வராது என்று நம்பித்தான் போனேன்.

அவர் பெட்டியைத் தொடவே இல்லை. முதலில் பேட்டரி: நிற்கும்போது 12.5 வோல்ட், செல்ஃப் அடிக்கும்போது 10-க்குக் கீழே இறங்கவில்லை. அடுத்து ஃபியூஸ், மெயின் ரிலே. அப்புறம் எர்த். எர்த் வயர் துருப்பிடித்திருந்தாலே இசிஎம் செத்தது போலக் காட்டுமாம். எல்லாம் சரியாக இருந்த பிறகுதான் ஸ்கேனரை மாட்டினார். ரெயில் பிரஷர் சென்சார், ஆக்ஸிலேட்டர் பெடல் சென்சார், பூஸ்ட் சென்சார் என்று வரிசையாகக் கோளாறு வந்தது.

"இத்தன சென்சாரும் ஒரே ராத்திரியில சாகாதுங்கண்ணே. இதுக்கெல்லாம் பொதுவா ஒண்ணு செத்துருக்கு" என்றார்.

அந்தப் பொதுவான ஒன்று 5 வோல்ட் சப்ளை. பேட்டரியின் 12 வோல்ட்டை வாங்கி, அதை 5 வோல்ட்டாக்கி இந்த சென்சார்களுக்குக் கொடுப்பது இசிஎம்தான். மீட்டரை வைத்தால் ஒரு வோல்ட்கூடத் தேறவில்லை. ஒரு சென்சார் உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருந்தாலும் இப்படித்தான் விழும். அதனால் சென்சார்களில் வயரைச் செருகும் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழற்றி மீட்டரைப் பார்த்தார். ஏறவில்லை. பெட்டிப் பக்கத்துக் கப்ளரையும் கழற்றி, அந்த வயர் எங்காவது எர்த்தில் உரசுகிறதா என்று சோதித்தார். வயர் சுத்தம். "அவங்க சொன்னது தப்பில்ல, கோளாறு பெட்டிக்குள்ளதான். ஆனா ஸ்கேனரோட பேசுதுல்ல, அப்ப பிராசசர் உசுரோட இருக்கு. இத எதுக்குத் தூக்கிப் போடணும்?"

பெட்டியை லேசாகச் சூடாக்கி, ஓரத்து சிலிகான் பசையைக் கீறித் திறந்தார். கப்ளர் பின்கள் போர்டில் இறங்கும் இடத்தில் பச்சைப் பச்சையாகக் களிம்பு. பக்கத்தில் நகத்தளவு ஐசி (சிப்) ஒன்றின் காலடியில் கருகிய புள்ளி. கை வைக்கும் முன் உள்ளிருந்த டேட்டா முழுவதையும் லேப்டாப்பில் எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு ஆல்கஹால் விட்டுக் களிம்பைக் கழுவி, அரித்துப்போன தடத்துக்கு மெல்லிய கம்பி இழுத்து, ஐசியை மாற்றி, மேசையிலேயே சப்ளை கொடுத்துப் பார்த்தார். 4.99 வோல்ட். அதே பெட்டி என்பதால், வேறு சாவியில் இன்ஜின் பிடிக்கவிடாத இம்மொபிலைசர் எங்கள் சாவியை அடையாளம் கண்டுகொண்டது, கோடிங் தேவைப்படவில்லை. பிராசசரே போயிருந்தால் கதை வேறு. அதே பார்ட் நம்பரில் பழைய பெட்டி தேடி, இதன் டேட்டாவை அதில் ஏற்ற வேண்டியிருக்கும்.

அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது அதற்குப் பிறகுதான். தண்ணீர் எப்படிப் போனது என்று தெரியாமல் பெட்டியை மாட்ட மாட்டேன் என்றுவிட்டார். முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் மோட்டார் உட்காரும் பள்ளத்தில் வடிகால் ஓட்டை உண்டு. எங்கள் வண்டியில் அது வேப்பஞ்சருகால் அடைத்துக் கிடந்தது. தேங்கிய மழைநீர் வழிந்து வயர் கட்டோடு இறங்கி நேரே கப்ளருக்குப் போயிருக்கிறது. இதைப் பார்க்காமல் 60,000 கொடுத்துப் புதுப் பெட்டி போட்டிருந்தால், அடுத்த மழைக்கு அதுவும் போயிருக்கும்.

எல்லாம் சேர்த்து 8,500 ரூபாய், ஆறு மாத வாரண்டி, கையெழுத்துப் போட்ட பில். வெளிநாட்டில் இருப்பவர்கள் இங்கே வைத்துக்கொள்ளும் என்ஆர்ஓ வங்கிக் கணக்கின் யுபிஐயிலேயே கட்டினேன். அப்பா வண்டியை உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டி கணவாய் வரை ஓட்டிப் பார்த்தார். ஏற்றத்தில் இழுவை பழையபடி இருந்தது.

ஊருக்குப் போகும்போது இசிஎம் போய்விட்டது என்று யாராவது சொன்னால், பேட்டரி, எர்த், 5 வோல்ட் மூன்றின் அளவையும் உங்கள் கண்முன் மீட்டரில் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கும் இடத்தில் வண்டியை விடாதீர்கள். போர்டு வேலைக்கு விட்டால், திறந்ததும் ஒரு படம், வேலை முடிந்ததும் ஒரு படம் வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்குங்கள். லீவு குறைவு என்பதால் வந்து இறங்கிய வாரமே விட்டுவிடுவது நல்லது. சரியான ஐசி கடையில் இல்லாவிட்டால் வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டும். தீபாவளி சமயத்தில் பார்சல் வருவதும் தாமதமாகும்.