இருட்டாக விழும் ஃபிளாஷ் படங்கள்: டிடிஎல்லா, மேனுவலா?

வெளி ஃபிளாஷ் மாட்டியும் படம் இருட்டாகவே வருகிறதா? டிடிஎல்லில் (ஃபிளாஷ் சக்தியைக் கேமராவே தீர்மானிக்கும் முறை) எடுத்தால், சட்டகத்துக்குள் வெள்ளையாகவோ பளபளப்பாகவோ என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஷட்டர் திறக்கும் முன் ஃபிளாஷ் ஒரு சின்ன ஒளியை விடும். அது எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை வைத்துத்தான் கேமரா கணக்குப் போடுகிறது. வெள்ளை வேட்டி, ஜரிகைப் பட்டு, பின்னால் கண்ணாடி எல்லாம் சேர்ந்தால் வெளிச்சம் தாராளம் என்று நம்பி சக்தியைக் குறைத்துவிடும். ஃபிளாஷ் காம்பன்சேஷனை (கேமரா போட்ட கணக்கைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) +1 வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சக்தியை நாமே வைக்கும் மேனுவல் இப்படி ஏமாறாது. அங்கே வில்லன் தூரம். மணமக்கள் 2 மீட்டரில் நின்றபோது பொருந்திய அளவு, 4 மீட்டரில் கால் பங்கு வெளிச்சம்தான் தரும். ஃபிளாஷின் வலிமையைச் சொல்லும் கைடு நம்பரை லென்ஸ் திறப்பின் எஃப் எண்ணால் வகுத்தால் எட்டும் தூரம் கிடைக்கும்: கைடு நம்பர் 40 (ஐஎஸ்ஓ எனும் ஒளி உணர்திறன் 100-இல், மீட்டர் கணக்கில்) உள்ள ஃபிளாஷ் முழு சக்தியில் எஃப்/8-இல் எட்டுவது 5 மீட்டர்தான்.

காம்பன்சேஷனை ஏற்றியும் மாற்றமே இல்லையென்றால் ஃபிளாஷ் ஏற்கெனவே முழு மூச்சில் வேலை செய்கிறது. அப்போது முறையை மாற்றிப் பயனில்லை. உயரமான மண்டபக் கூரையில் ஒளியைப் பட்டுத் திரும்ப வைத்து பவுன்ஸ் செய்வதும், மிக வேகமான ஷட்டரோடு ஃபிளாஷ் அடிக்கும் ஹைஸ்பீட் சிங்கும் சக்தியைக் குடித்துவிடும். ஐஎஸ்ஓவை 100-லிருந்து 800-க்கு ஏற்றினால் 3 ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்பும் இரு மடங்கு பிரகாசம்) கிடைக்கும்.

மேடையில் வரிசையாக நிற்கும் குரூப் போட்டோவுக்கு என் ஓட்டு மேனுவலுக்கே. பந்தியில் சுற்றிச் சுற்றி எடுக்கும்போது டிடிஎல்தான். தூரத்தைக் கணக்குப் போட அங்கே யாருக்கு நேரம்? அப்புறம், எந்த முறையானாலும் ஃபிளாஷ் மறுபடி தயாரானதைக் காட்டும் ரெடி லைட் எரியும்வரை அடுத்த படம் எடுக்காதீர்கள்.