கொடைக்கானல் ஏரி மிதிபடகு: பல வருட அனுபவம்

கொடைக்கானலில் குடியிருந்தால், வீட்டுக்கு யார் வந்தாலும் ஏரிக்கு அழைத்துப் போயே ஆக வேண்டும். அப்படியே பல வருடங்களாக இந்தப் படகுகளில் ஏறி இறங்குகிறேன். கையால் வலிக்கும் துடுப்புப் படகு அழகுதான், ஆனாலும் என் ஓட்டு மிதிபடகுக்கு. காரணம், நாம் மிதிக்க மிதிக்க அடியில் சுற்றி, தன் பலகைகளால் தண்ணீரைத் தள்ளும் துடுப்புச் சக்கரம்.

1863இல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் உருவாக்கிய ஏரி இது. கரையோரம் ஆழம் குறைவு, நீர்ச்செடி வேறு. தண்ணீருக்குள் சுழலும் விசிறி (ப்ரொப்பெல்லர்) வைத்த படகு என்றால் செடி சுற்றிக்கொள்ளும். சக்கரமோ மேல்தண்ணீரைத் தள்ளியே போய்விடும். மணல் திட்டு நிறைந்த ஆறுகளில் துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல்கள் அவ்வளவு காலம் உழைத்ததும் இதனால்தான். வங்கதேசத்தில் டாக்காவுக்கும் குல்னாவுக்கும் இடையே ஓடிய ‘ராக்கெட்’ கப்பல்கள் அந்த வகை.

வேகமாக மிதித்தால் வேகமாகப் போகும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், போகாது. நம் படகில் பலகைகள் சக்கரத்தோடு அசையாமல் பொருத்தப்பட்டவை, அதனால் இறங்கும்போது தண்ணீரை அறையும், ஏறும்போது அள்ளி மேலே வீசும், கால் வலிதான் மிச்சம். ஸ்காட்லாந்தில் 1946இல் தண்ணீரில் இறக்கிய, இன்றும் கடலோரம் ஓடுகிற வேவர்லி கப்பலில் ஒவ்வொரு பலகையும் தானாகத் திரும்பி, கிட்டத்தட்ட நேராக நின்றபடி தண்ணீருக்குள் இறங்கும், சக்தி வீணாவது குறைவு. அந்த வசதி நமக்கு இல்லை, ஆகவே நிதானமாக, இரண்டு பேரும் ஒரே சீராக மிதியுங்கள்.

எடை இன்னொரு விஷயம். நான் வழக்கமாக எடுக்கும் நாலு பேர் படகில் சக்கரம் பின்பக்கம். கனமானவர்கள் எல்லாம் முன்னால் உட்கார்ந்தால் பின்பக்கம் தூக்கி, சக்கரம் பாதி காற்றில் சுற்றும். இரண்டு பக்கமும் சக்கரம் வைத்த பெரிய கப்பலிலும் பயணிகள் ஒரே பக்கம் குவிந்தால் ஒரு சக்கரம் ஆழ்ந்து மற்றது மேலே வந்துவிடும்.

குறை என்றால் காற்று. ஆடி மாதம் மதியத்துக்கு மேல் போகாதீர்கள், அடிப்பக்கம் தட்டை, பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே போகும், திரும்பி வருவதற்குள் உயிர் போய்விடும். காலையில் போங்கள்.

அப்புறம், கரையை விட்டுக் கிளம்பும் முன் நாலு சுற்று மிதித்துப் பாருங்கள். தண்டு கிறீச்சிட்டாலோ சுக்கான் பிடி ஆடினாலோ தயங்காமல் வேறு படகு கேளுங்கள், சீசன் கூட்டமாக இருந்தாலும் சரி.