ஹோட்டலா, முகாமா, வீடா? பிரிட்டனில் தஞ்சம் கேட்டவர்களை எங்கே தங்க வைப்பது

பிரிட்டனில் இந்தச் சண்டை எப்போது வந்தாலும் மூன்று வழிகளைத்தான் சொல்கிறார்கள்: ஹோட்டல், பழைய ராணுவ முகாம், ஊருக்குள் சாதாரண வீடு. என் ஓட்டு வீட்டுக்குத்தான், ஆனால் இப்போது கொடுக்கிற விதத்தில் அல்ல.

ஹோட்டலால் யாருக்கும் நிம்மதி இல்லை. அரசு தங்க வைத்திருப்பவர்களில் சுமார் 35 சதவீதம் பேர்தான் ஹோட்டலில், ஆனால் தங்குமிடத்துக்காகத் தனியார் நிறுவனங்களுக்குக் கொடுக்கிற ஒப்பந்தச் செலவில் ஏறக்குறைய 76 சதவீதம் அங்கேதான் போகிறது என்று தேசியத் தணிக்கை அலுவலகம் 2025 மே மாதம் சொன்னது. உள்ளே இருப்பவருக்குச் சமைக்க அடுப்பு இல்லை, கைச்செலவுக்கு வாரம் 10 பவுண்டுகூடக் கிடையாது, முதல் ஒரு வருஷம் வேலைக்குப் போகவும் முடியாது. ஊர்க்காரர்களுக்கோ விஷயம் கடைசியில்தான் தெரியவருகிறது. லண்டனுக்குப் பக்கத்து ஊரான எப்பிங்கில் 2025 ஜூலையில், ஹோட்டலில் தங்கியிருந்த ஒருவர் பாலியல் தாக்குதல் வழக்கில் கைதானதும் போராட்டம் வெடித்தது. வெறுப்பைக் கிளறவே வந்தவர்களும் இருந்தார்கள், பிள்ளைகளை நினைத்துப் பயந்து வந்த பெற்றோரும் இருந்தார்கள். இருவரையும் ஒரே கூட்டமாகப் பார்ப்பது பெரிய தவறு.

சரி, முகாம்? ஸ்காம்ப்டன் என்ற பழைய ராணுவ விமானத் தளத்தில் கோடிக்கணக்கில் கொட்டிவிட்டு, ஒருவரைக்கூடக் குடிவைக்காமல் 2024இல் கைவிட்டார்கள். முகாம் மாதிரியே பயன்படுத்த, தென் இங்கிலாந்தின் போர்ட்லண்ட் துறைமுகத்தில் நிறுத்திய பிபி ஸ்டாக்ஹோம் என்ற தங்கும் மிதவையில் ஆள் ஏறிய சில நாளிலேயே தண்ணீரில் நுரையீரலைத் தாக்கும் லெஜியனெல்லா கிருமி இருப்பது தெரிந்து எல்லோரையும் இறக்கினார்கள். இதற்கு மேல் முகாமைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

வீடு மலிவு, மனுஷன் மாதிரி சமைத்துச் சாப்பிடலாம், பக்கத்து வீட்டுக்காரருக்கும் முகம் பழகும். சிக்கல் என்னவென்றால், ஒப்பந்தக்காரர்கள் வாடகை குறைந்த இடத்தையே தேடிப் போகிறார்கள், அதனால் ஏற்கெனவே நொந்துபோன ஊர்களே மேலும் சுமக்கின்றன. வட இங்கிலாந்து ஊரான மிடில்ஸ்பரோவில் அப்படிக் கொடுத்த வீடுகளில் பெரும்பாலானவற்றின் கதவு சிவப்பு நிறம். அந்த நிறத்தை வைத்தே அடையாளம் கண்டு முட்டையும் கல்லும் எறிந்தார்கள் என்று குடியிருந்தவர்கள் சொன்ன பிறகுதான், 2016இல், ஒப்பந்தக்காரர்கள் பெயின்ட்டை மாற்ற ஒப்புக்கொண்டார்கள்.

வசதியான ஊர்களும் பங்கெடுக்க வேண்டும், வீட்டுக்கான பணம் உள்ளாட்சி கவுன்சில் கைக்கே வர வேண்டும், இடம் பார்க்கும்போதே பள்ளிக்கூடத்தையும் டாக்டரையும் கேட்க வேண்டும். அப்புறம், யாரும் அதிகம் பேசாத ஒன்று: அகதி என்று ஏற்றுக்கொண்ட சில வாரங்களில் அந்த வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். கையில் முன்பணமும் இல்லாமல், வேலையும் இல்லாமல், அவர் நேராகப் போவது கவுன்சிலின் வீடற்றோர் கவுன்டருக்கு. அங்கே அவருக்கு முன்னால் உள்ளூர்க் குடும்பங்கள் ஏற்கெனவே காத்திருக்கின்றன.