ராஜபாளையமா, கோம்பையா, சிப்பிப்பாறையா, கன்னியா: குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு எது?

நாட்டு வேட்டை நாய் வளர்க்கலாம் என்று ஒரு வீட்டில் பேச்சு எழுந்தால், உடனே வரும் கேள்வி "பிள்ளைங்களைக் கடிக்குமா?" என்பதுதான். குட்டியிலிருந்து வளர்த்தால் நான்குமே அந்த வீட்டுப் பிள்ளைகளிடம் பெரும்பாலும் ஒட்டுதலாகவே இருக்கும். சுவர் தாண்டி விழுந்த பந்தை எடுக்க வரும் எதிர்வீட்டுப் பையன், முழுப் பரீட்சை லீவுக்கு வந்து பத்து நாள் தங்கும் அத்தை பிள்ளைகள், மாலையில் டியூஷனுக்கு வந்து போகிறவர்கள்: இவர்களை அந்த நாய் என்ன செய்யும் என்பதில்தான் இனத்துக்கு இனம் பெரிய வித்தியாசம் இருக்கிறது. அதை வைத்துப் பார்த்துத்தான் நாங்கள் கன்னியைத் தேர்ந்தோம். ஆகவே இந்த அலசலும் கன்னிப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

ஆளை அடையாளம் காட்டும் விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ராஜபாளையம் பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண். தோள் வரை 65 முதல் 75 செ.மீ. உயரம் வரும். 2005-ல் தபால்தலையிலும் இடம்பிடித்த நாய். கோம்பை தேனி மாவட்டத்துக்காரன். செம்பழுப்பு உடல், கருத்த வாய், உயரம் குறைவு, தாடையும் நெஞ்சும் அகலம். இவை இரண்டும் பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் பழகியவை. சிப்பிப்பாறையும் கன்னியும் கரிசல் சீமையின் முயல் வேட்டை நாய்கள். மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி விரட்டும். செவலை (செந்நிறம்), மயிலை (சாம்பல்), சந்தனம் என்று ஒரே நிறமாக இருந்தால் சிப்பிப்பாறை. கறுத்த உடம்பில் புருவத்துக்கு மேலும் கன்னத்திலும் கால்களிலும் செம்பழுப்பு விழுந்திருந்தால் கன்னி. ஒரே ஈற்றில் இரண்டும் விழுவதுண்டு. தனி இனமா, வெறும் நிற வேறுபாடா என்பதில் வளர்ப்பவர்களுக்குள்ளேயே உடன்பாடு கிடையாது. குணத்தைப் பொறுத்தவரை இரண்டையும் கிட்டத்தட்ட ஒரே தட்டில் வைக்கலாம். கன்னி கொஞ்சம் கூடுதல் கூச்சம், கொஞ்சம் கூடுதல் சாது என்பது பரவலான அனுபவம்.

இனி, அயல் பிள்ளைகள் விஷயம்.

காவல் நாய்க்கு வேற்றாள் வருவது ஒரு வேலை. ராஜபாளையம் அந்த வேலையை முன்னேறிச் செய்யும்: கேட்டுக்கு ஓடும், எதிரே நிற்கும், விலகாது. வந்தவர் பெரியவர் என்றால் அவரும் நின்றுவிடுவார். பிள்ளைகள் நிற்க மாட்டார்கள். கத்திக்கொண்டு ஓடுவார்கள். ஓடுவதைத் துரத்துவது வேட்டை நாயின் ரத்தத்தில் இருக்கிறது. காவல் புத்தியும் துரத்தல் புத்தியும் அந்த ஒரு நொடியில் சேர்ந்துவிடும். இதைவிட ஆபத்தான ஒன்று வீட்டுக்குள்ளேயே நடக்கும். உங்கள் மகனும் அவன் நண்பனும் தரையில் உருண்டு விளையாட்டுச் சண்டை போடுகிறார்கள். மகன் சிரித்துக்கொண்டேதான் "ஐயோ விடுடா" என்கிறான். நாய்க்குத் தெரிவது ஒன்றுதான்: தன் வீட்டுப் பிள்ளை கீழே கிடக்கிறான், வேற்றுப் பையன் மேலே இருக்கிறான். நல்ல காவல் நாய் அங்கே தலையிடும், அதுவும் பல்லால் தலையிடும். இதை நாயின் குற்றம் என்று சொல்லவே முடியாது. தலைமுறை தலைமுறையாக எதற்காகப் பொறுக்கி வளர்த்தார்களோ அதைத்தான் அது செய்கிறது.

ஆகவே ராஜபாளையம் வைத்திருக்கும் வீட்டில் தனிக் கூண்டோ, நடுவில் இன்னொரு கேட்டோ கட்டாயம் வேண்டும். பிள்ளைகளைத் தேடி நண்பர்கள் வரும் நேரமெல்லாம் நாய் அதற்குப் பின்னால் இருக்க வேண்டும். ஆள் நடமாட்டம் குறைந்த தோட்டவீடாக இருந்தால் இது எளிது. தெருவை ஒட்டிய வீட்டில், நாளுக்குப் பத்து முறை கேட் திறக்கும் இடத்தில், ஒரு நாள் யாராவது கொக்கி போட மறந்துவிடுவார்கள். கோம்பைக்கும் இதே கணக்குதான், இன்னும் கறாராக. பிடித்தால் விடாத தாடை அது. ஊர்ப்பக்கம் தொழுவத்திலும் தோட்டத்திலும் நிற்கும் கோம்பைகளே அதிகம். சிறு பிள்ளைகளோடு வீட்டுக்குள் வளர்ந்த கோம்பைகள் குறைவு என்பதால், அதைப் பற்றி அடித்துச் சொல்ல ஆதாரம் போதாது. கையிருப்பில் உள்ள அனுபவத்தை வைத்துச் சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு நாங்கள் அதைச் சொல்ல மாட்டோம்.

கன்னி என்ன செய்யும்? பின்வாங்கும். வேற்றாள் வந்தால் இரண்டு குரல் கொடுத்துவிட்டு வீட்டு ஆளின் காலுக்குப் பின்னால் போய் நின்று எட்டிப் பார்க்கும். காது பின்னால் மடிந்திருக்கும், வால் தொடைக்கு இடையில் இறங்கியிருக்கும். வந்தவர் கண்டுகொள்ளாமல் உட்கார்ந்துவிட்டால், கொஞ்ச நேரத்தில் தானே வந்து கையை மோந்து பார்க்கும். அச்சம் வந்தால் சண்டைக்கு நிற்பதைவிட விலகி ஓடுவதுதான் அதன் முதல் யோசனை. தினமும் நாலு வேற்றுப் பிள்ளைகள் வந்துபோகும் வீட்டுக்கு இந்தக் குணத்தைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை. விலகிப் போக வழி இருக்கும்வரை இந்தப் பாதுகாப்பு நிற்கும். கட்டிலுக்கு அடியிலோ அறை மூலையிலோ நெருக்கிப் பிடித்தால் கன்னியும் கடிக்கும். அதனால் படுக்கையை மூலையில் போடாமல், இரண்டு பக்கமும் வெளியேற வழியுள்ள இடத்தில் போடுங்கள். சங்கிலியில் கட்டிப்போட்டால் ஓட வழி அடைபட்டது என்றே பொருள். கட்டிக்கிடக்கும் கன்னியிடம் எந்தப் பிள்ளையையும் விடாதீர்கள்.

இந்தக் கூச்சம்தான் கன்னியின் பெரிய குறையும். சரியான நேரத்தில் உலகத்தைக் காட்டாமல் வளர்த்த கன்னி ஆயுள் முழுக்க எதற்கெடுத்தாலும் நடுங்கும். அப்படி நடுங்கும் நாய் பிள்ளைகளுக்கு நல்லதல்ல. குட்டியின் மனம் புதிதானவற்றை அச்சமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் காலம் ஏறத்தாழ மூன்றாம் வாரம் முதல் 14-ஆம் வாரம் வரைதான். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாது என்பது 2017-ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு விதி. ஆக உங்கள் கையில் கிடைப்பது ஆறே வாரம். அந்த ஆறு வாரத்தில் தினம் இரண்டு புது ஆட்கள், வாரத்தில் மூன்று நாளாவது வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் குட்டியைப் பார்க்க வர வேண்டும். பிள்ளைகள் தரையில் உட்கார வேண்டும், கையை நீட்டக்கூடாது, குட்டி தானாக வரும்வரை காத்திருக்க வேண்டும். வந்ததும் அவித்த கோழித் துண்டு ஒன்று. தூக்கக்கூடாது. குக்கர் விசில், மிக்சி, குடை விரிப்பது, புல்லட் சத்தம் எல்லாம் முதலில் தூரத்தில், பிறகு கிட்டத்தில்.

இங்கே பலர் தடுமாறும் இடம் தடுப்பூசி. ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு 16 வாரம் வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்று, மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநாய்க்கடி ஊசி என்பது வழக்கமான வரிசை. அது முடியும்வரை தெருநாய்கள் நடமாடும் மண்ணில் குட்டியை இறக்கினால் பார்வோ என்ற ஆபத்தான வைரஸ் நோய் தொற்றலாம். முடியட்டும் என்று வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்தால் பழகும் காலம் போய்விடும். வழி எளிது: கையில் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை போங்கள், கடை வாசலில் மடியில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் உட்காருங்கள். பார்க்கட்டும், கேட்கட்டும், கால் மட்டும் தரையில் படாமல் இருக்கட்டும்.

ஓட்டத்தில் சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் சலுகை கிடையாது. காலையில் 40 நிமிடம், மாலையில் 30 நிமிடம் நடை, அதோடு சுற்றிலும் அடைப்புள்ள மைதானத்தில் அவிழ்த்துவிட்டு இரண்டு மூன்று பாய்ச்சல் ஓட்டம். ஓடி முடித்த கன்னி மீதி நாள் முழுக்கச் சாக்குப் படுக்கையில் சுருண்டு கிடக்கும். ஓடாத கன்னி செருப்பு, சோபா, பிள்ளைகளின் குதிகால் என்று வேலை தேடும். வெயிலில் தார்ச்சாலையில் புறங்கையை வைத்து ஐந்து நொடி தாங்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது. 1972-ஆம் ஆண்டு வனஉயிரினச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம் என்பதால், "காட்டுப்பக்கம் அவிழ்த்துவிட்டால் போதும்" என்ற பழைய பழக்கம் இப்போது செல்லாது. கோழி, பூனை, வளர்ப்பு முயல் இருக்கும் வீடு என்றால் இந்த இரண்டையும் மறந்துவிடுங்கள்.

நாயைப் பிடிக்கும் வாரைப் பிள்ளைகள் கையில் கொடுக்கக்கூடாது. இருபது கிலோ நாய் பூனையைக் கண்ட வேகத்தில் பத்து வயதுப் பிள்ளை முழங்கால் தேயத் தரையில் இழுபடும். கன்னியின் தலை கழுத்தைவிடக் குறுகல் என்பதால் சாதாரணப் பட்டை காது வழியாக நழுவிவிடும், நாலு செ.மீ. அகலத்தில், இழுத்தால் ஓரளவு மட்டும் இறுகும் பட்டை வாங்குங்கள். காம்பவுண்டுச் சுவர் ஆறடி வேண்டும். சுவர்மேல் முள்கம்பி வேண்டாம். இவற்றின் தோல் காகிதம் மாதிரி. ஒரு கீறலில் ஒரு சாண் கிழியும். தீபாவளி வாரத்தில் மட்டும் கேட்டுக்குப் பூட்டு, கழுத்துப்பட்டையில் போன் நம்பர். வெடிச் சத்தத்தில் காணாமல் போகும் நாய்களில் கூச்ச சுபாவக்காரர்களே முதலில்.

குட்டி எடுக்கும்போது தாயைப் பார்க்காமல் எடுக்காதீர்கள். தாய் உங்களைக் கண்டு ஒதுங்கலாம், அது இனத்தின் குணம். உறுமிக்கொண்டு பாய்ந்தாலோ, மூலையில் ஒடுங்கிச் சிறுநீர் விட்டாலோ அந்த ஈற்று வேண்டாம். ஓட்டப் பந்தயத்துக்காகக் கிரேஹவுண்டு என்ற வெளிநாட்டு ஓட்ட நாய் கலந்த குட்டிகளும் நாட்டுக் குட்டி என்ற பெயரில் விற்பனைக்கு வருகின்றன. சின்னக் குட்டியில் கண்டுபிடிப்பது கடினம், தாய் தகப்பன் இரண்டையும் நேரில் பார்ப்பதே வழி. ஈற்றில் ஓடி முன்னால் வருவதும் வேண்டாம், ஓடி ஒளிவதும் வேண்டாம்; ஒரு நிமிடம் தயங்கிப் பிறகு வருகிற பெட்டைக் குட்டி பிள்ளைகள் வீட்டுக்கு நன்றாக அமையும்.

ராஜபாளையம்தான் என்று முடிவானவர்கள் செவியைச் சோதித்தே ஆக வேண்டும். வெள்ளை நிறத்தைத் தரும் அதே நிறமிக் குறைவு உட்செவியையும் பாதிப்பதால் பிறவிச் செவிடு இந்த இனத்தில் உண்டு. குட்டி அயர்ந்து தூங்கும்போது, அதன் உடலில் காற்றோ தரை அதிர்வோ படாத தூரத்தில் நின்று சாவிக் கொத்தைக் குலுக்குங்கள். காதுமடல் அசைய வேண்டும். மற்றக் குட்டிகள் எழுவதைப் பார்த்து இதுவும் எழலாம் என்பதால் தனியாக வைத்துச் செய்ய வேண்டும். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இந்தச் சோதனையில் தப்பிவிடும். மின்வழிச் செவிப் பரிசோதனையில்தான் அது தெரியும். காது கேட்காத நாயைத் தூக்கத்தில் ஒரு பிள்ளை தொட்டால் திடுக்கிட்டுக் கடிப்பது இயல்பு.

சாப்பாடு நான்குக்கும் ஏறத்தாழ ஒன்றுதான், நாளுக்கு இரண்டு வேளை, அவித்த எலும்பு மட்டும் கூடாது. கன்னிக்கும் சிப்பிப்பாறைக்கும் கடைசி இரண்டு மூன்று விலா எலும்பு தெரிவதே சரியான உடம்பு. "பாவம், மெலிஞ்சு கிடக்கு" என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்வார்கள்; அதைக் கேட்டுக் கொழுக்க வைத்தால் மூட்டு போய்விடும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஓட விடாதீர்கள், ஆழ நெஞ்சு நாய்களுக்கு இரைப்பை முறுக்கு வரலாம். அறுவைச் சிகிச்சை என்றால், உடலில் கொழுப்பு குறைந்த வேட்டை நாய் என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். கிரேஹவுண்டு வகைகளில் தயோபென்டோன் போன்ற மயக்க மருந்தின் தாக்கம் நெடுநேரம் நீடிக்கும், மாற்று மருந்துகள் இருக்கின்றன.

கடைசிப் பிள்ளைக்கு ஐந்து வயதாகாத வீட்டுக்கு இந்த நான்கில் எதையும் அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு மூன்று விஷயம் சொல்லிக்கொடுக்க முடியும்: தின்னும்போதும் தூங்கும்போதும் தொடாதே, கட்டிப்பிடிக்காதே, குட்டி குதிகாலைக் கவ்வ வந்தால் ஓடாமல் கைகளை நெஞ்சோடு மடித்து மரம் மாதிரி நில். நாய் வருவதற்கு இரண்டு வாரம் முன்பே வீட்டு நடையில் இந்த "மரம்" விளையாட்டைத் தொடங்கிவிடுங்கள், அப்பா நாயாகத் துரத்த, பிள்ளைகள் மரமாக நிற்க. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.