ராகிங் தடுப்பு உதவி எண்ணும் இணைய உறுதிமொழியும்: பயன்படுத்திப் பார்த்தபின் ஒரு மதிப்பீடு

பல்கலைக்கழக மானியக் குழுவின் சார்பில் நாடு முழுமைக்கும் நடத்தப்படும் ராகிங் தடுப்புச் சேவையில் இரண்டு பகுதிகள் உள்ளன. ஒன்று, ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் மாணவரும் பெற்றோரும் இணையத்தில் நிரப்பித் தரவேண்டிய உறுதிமொழிப் படிவம். மற்றொன்று, இரவு பகல் எந்நேரமும் இயங்கும் 1800-180-5522 என்ற கட்டணமில்லா உதவி எண். அரசு கலைக் கல்லூரி ஒன்றில் ஆசிரியராகப் பணியாற்றுவதால் முதலாவதைச் சேர்க்கைக் காலந்தோறும் அருகிலிருந்து பார்க்கிறேன். வேறு மாவட்டத்தில் பொறியியல் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கும் என் அக்கா மகனுக்காக இரண்டாவதையும் நாட வேண்டியிருந்தது. கல்லூரியில் பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோருக்குப் பயன்படும் என்பதால் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

இந்தச் சேவை யாருடைய உயிரை விலையாகக் கொடுத்து வந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாமாண்டு மாணவர் பொன் நாவரசு கொல்லப்பட்டார். அதன் விளைவாகவே தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டின் ராகிங் தடைச் சட்டம் வந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2009 மார்ச்சில், இமாச்சலப் பிரதேசத்தின் காங்ரா மாவட்டத்தில் அமன் கச்ரூ என்ற மருத்துவ மாணவர் சீனியர்களின் தாக்குதலில் இறந்தார். உச்ச நீதிமன்றம் அமைத்த, சி.பி.ஐ.யின் முன்னாள் இயக்குநர் ஆர்.கே. ராகவன் தலைமையிலான குழு 2007-இலேயே பரிந்துரைகளை அளித்திருந்தபோதும், மானியக் குழுவின் விதிமுறைகளும் இந்த உதவி எண்ணும் 2009-இல், அந்த மரணத்துக்குப் பிறகே நடைமுறைக்கு வந்தன.

முதலில் உறுதிமொழிப் படிவம். வடிவமைப்பில் பெரிய குறை சொல்ல முடியாது. பெயர், கல்லூரி, பாடப்பிரிவு, பெற்றோர் விவரம் ஆகியவற்றை நிரப்பினால் ஒரு பதிவு எண் மின்னஞ்சலில் வருகிறது. அதைக் கல்லூரியில் ஒப்படைத்தால் வேலை முடிந்தது. சிக்கல் எங்கே என்றால், வேலை உண்மையிலேயே அத்துடன் முடிந்துவிடுகிறது. எங்கள் கல்லூரி வாசலில் உள்ள பிரவுசிங் சென்டரில் சேர்க்கை நாட்களில் காலை முதலே வரிசை நிற்கும். சாதிச் சான்றிதழ் ஸ்கேன் செய்ய வந்தவர்கள், உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வந்தவர்கள், இந்த உறுதிமொழிக்காக வந்தவர்கள் என எல்லாரும் ஒரே மேசையைச் சூழ்ந்திருப்பார்கள். கணினியில் அமர்ந்திருக்கும் இளைஞர் மாணவரின் பெயரையும் தந்தையின் பெயரையும் கேட்டுத் தட்டச்சு செய்வார்; மின்னஞ்சல் முகவரி இல்லை என்று மாணவர் தயங்கினால் கடையின் முகவரியையே போட்டுவிடுவார். பதிவு எண் அந்தக் கடையின் அஞ்சல் பெட்டிக்குப் போகும், அச்சுத்தாள் மாணவரின் கைக்கு வரும். "விதிமுறைகளைப் படித்துப் புரிந்துகொண்டேன்" என்ற பொருள்பட எழுதப்பட்ட ஒரு பத்திரத்தில், அதில் ஒரு வரியையும் படிக்காத பிள்ளையும், ஆங்கிலம் அறியாத தந்தையும் கையெழுத்திடுகிறார்கள். படிவத்தோடு விதிகளின் எளிய தமிழ்ச் சுருக்கம் ஒரு பக்கம் இணைக்கப்பட்டு, அதைச் சேர்க்கை அறையிலேயே ஆசிரியர் ஒருவர் வாசித்துக் காட்டினால் போதும், இந்தப் பத்திரத்துக்கு உயிர் வந்துவிடும். அதற்குச் செலவு ஏதுமில்லை.

ஏனெனில் அந்த விதிகள் படிக்கத் தக்கவை. அடிப்பதும் ஆடை களையச் செய்வதும் மட்டுமே ராகிங் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2009 விதிமுறைகளின் வரையறை அதைவிட மிக விரிவானது. சீனியருக்குக் கொடுக்கப்பட்ட கல்விப் பணியை ஜூனியரைக் கொண்டு முடிப்பது, பணம் பறிப்பது அல்லது வலுக்கட்டாயமாகச் செலவு செய்ய வைப்பது, சொல்லாலும் மின்னஞ்சலாலும் இழிவுபடுத்துவது ஆகிய எல்லாமே அதில் அடங்கும். 2016-இல் செய்யப்பட்ட திருத்தம் சாதி, மதம், நிறம், பாலினம், மொழி, பிறந்த இடம், பொருளாதாரப் பின்னணி போன்றவற்றைக் காரணமாக வைத்து ஒருவரைத் துன்புறுத்துவதையும் ஒதுக்கி வைப்பதையும் ராகிங் என்றே சேர்த்தது. பாதிக்கப்பட்டவர் முதலாமாண்டு மாணவராகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. தண்டனைகளும் படிப்படியாக வகுக்கப்பட்டுள்ளன. வகுப்புக்கு வரத் தடை, உதவித்தொகை நிறுத்தம், தேர்வெழுதத் தடை, தேர்வு முடிவு நிறுத்திவைப்பு, விடுதியிலிருந்து நீக்கம் எனத் தொடங்கி, ஒன்று முதல் நான்கு பருவங்கள் வரை கல்லூரியை விட்டு விலக்கி வைப்பது, சேர்க்கையையே ரத்து செய்வது, வேறெந்தக் கல்லூரியிலும் குறிப்பிட்ட காலம் சேர முடியாதபடி வெளியேற்றுவது வரை செல்கின்றன.

என் அக்கா மகனின் விஷயம் இந்த வரையறையின் நடுவிலேயே வருகிறது. இரவு உணவுக்குப் பிறகு முதலாமாண்டு மாணவர்களை மேல்மாடி அறைகளுக்கு வரவழைத்து, மூன்றாமாண்டு மாணவர்களின் ரெக்கார்டு நோட்டுகளை எழுத வைத்திருக்கிறார்கள். விடியற்காலை வரை எழுதிவிட்டு அவன் காலை வகுப்பில் உறங்கிப் போனதையும், அதற்காகத் துறைத்தலைவர் அவனையே கண்டித்ததையும் என் அக்கா தொலைபேசியில் சொன்னபோது, "இது எல்லா விடுதியிலும் நடப்பதுதானே" என்று அவரே சேர்த்துக்கொண்டார். உதவி எண்ணை அழைக்கலாம் என்று நான் சொன்னேன், அவனும் சம்மதித்தான்.

அழைப்பு தாமதமின்றி எடுக்கப்பட்டது. பேசியவர் பொறுமையானவர், கல்லூரியின் முழுப் பெயர், விடுதிக் கட்டடம், நடந்த நேரம், யார் யார் உடனிருந்தார்கள், உடலில் காயம் உண்டா, இப்போது பாதுகாப்பாக இருக்கிறாயா என்று வரிசையாகக் கேட்டார். பெயரை வெளியிடாமலும் புகார் அளிக்கலாம் என்பதை அவராகவே எடுத்துச் சொன்னார். புகார் எண் கிடைத்தது. புகார் கல்லூரி முதல்வருக்கு அனுப்பப்பட்டது. அதற்குப் பின் நிலவரம் கேட்டு உதவி மையத்திலிருந்து அவனை மீண்டும் அழைத்தார்கள். பயந்த குரலில் பேசும் பதினெட்டு வயதுப் பையனிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதை அறிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். இந்தப் பகுதிக்கு முழு மதிப்பெண் அளிக்கத் தயங்க மாட்டேன்.

புகார் கல்லூரிக்குத் திரும்பி வந்தபிறகுதான் சேவையின் பலவீனம் தெரிந்தது. எந்த நிர்வாகத்தின் கண்காணிப்பில் இது நடந்ததோ, விசாரிக்கும் பொறுப்பும் அந்த நிர்வாகத்திடமே செல்கிறது. ராகிங் தடுப்புக் குழுவில் முதல்வரோடு, காவல்துறை மற்றும் அரசு நிர்வாகத்தின் பிரதிநிதிகள், உள்ளூர் ஊடகத்தினர், இளைஞர் நலத் தொண்டு அமைப்பினர், பெற்றோர், மாணவர் ஆகியோரும் இருக்க வேண்டும் என்று விதி கூறுகிறது. அவனை விசாரித்த அறையில் இருந்தவர்களோ முதல்வரும் விடுதிக் காப்பாளரும் இரண்டு பேராசிரியர்களும் மட்டுமே. குற்றம் சாட்டப்பட்ட சீனியர்கள் அதே அறையின் மறுபக்கத்தில் நிறுத்தப்பட்டிருந்தார்கள். "தம்பி, அவங்க எதிர்காலத்தையும் பாக்கணும், ஒரு லெட்டர் எழுதிக் கொடுத்துடு" என்று காப்பாளர் வெள்ளைத்தாளை நீட்டியிருக்கிறார். பிரச்சினை பேசித் தீர்க்கப்பட்டது என்று எழுதித் தரும்படி கேட்கும் அதிகாரத்தை எந்த விதியும் அவருக்கு வழங்கவில்லை. அவன் எழுத மறுத்ததற்கு ஒரே காரணம், உதவி மையம் கொடுத்த புகார் எண் அவன் கையில் இருந்ததுதான். நடந்தவற்றைக் கல்லூரிக்கு வெளியே ஒருவர் பதிவு செய்திருக்கிறார் என்ற தைரியம் அவனுக்கு இருந்தது. இறுதியில் மூன்று பேர் விடுதியிலிருந்து நீக்கப்பட்டார்கள்.

மாநிலச் சட்டம் இந்த இடத்தில் பெற்றோருக்குப் பெரிய துணை. 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி ராகிங்குக்கு இரண்டு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அதைவிட முக்கியமானது, புகார் வந்தவுடன் விசாரித்து, உண்மை எனத் தெரிந்தால் மாணவரை இடைநீக்கம் செய்ய வேண்டியது நிறுவனத் தலைவரின் கடமை என்பதும், அதைச் செய்யத் தவறினால் அவரே குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவராகக் கருதப்படுவார் என்பதும். சமாதானக் கடிதம் கேட்கும் நிர்வாகத்திடம் இந்தப் பிரிவைச் சொன்னால் பேச்சின் போக்கு மாறுகிறது. எங்கள் அனுபவத்தில் மாறியது.

விதிமுறைகளில் எனக்கு உடன்பாடில்லாத ஒன்றும் உண்டு. குற்றம் செய்தவர் யார் என அடையாளம் காண முடியாதபோது கூட்டாகத் தண்டனை அளிக்க வேண்டும் என்கிறது விதி. உண்மையைச் சொல்லவைக்கும் அழுத்தம் அது என்று வாதிடுவோர் உண்டு. விடுதியில் வாழ்ந்தவர்கள் அறிவார்கள், ஒரு மாடி முழுவதும் தண்டிக்கப்பட்டால் அங்கிருக்கும் அத்தனை பேரின் கோபமும் புகார் கொடுத்த ஒருவன் மீதே திரும்பும். குற்றமற்றவரைத் தண்டிப்பது ஆசிரியராக எனக்கு ஒப்பவில்லை. மாறாக, ஆறு புதிய மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி என்று அதே விதிமுறைகள் கூறும் ஏற்பாட்டை ஒழுங்காக நடத்தினால், விஷயம் புகாராக வளர்வதற்கு முன்பே யாரோ ஒருவர் காதில் விழுந்துவிடும். பெரும்பாலான கல்லூரிகளில் அந்த ஏற்பாடு அறிவிப்புப் பலகையோடு நின்றுவிடுகிறது.

இந்தச் சேவையைப் பயன்படுத்த நினைப்பவர்கள், உறுதிமொழிப் படிவத்தில் மாணவரின் சொந்த மின்னஞ்சல் முகவரியையும் பெற்றோரின் கைப்பேசி எண்ணையும் மட்டுமே கொடுங்கள். அழைப்பதற்கு முன் தேதி, நேரம், அறை எண், பார்த்தவர்களின் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த மிரட்டல் செய்திகள் இருந்தால் அழித்துவிடாமல் சேமித்து வையுங்கள். பெயரை மறைத்துப் புகார் அளிக்கும் வசதி அவசரத்துக்கு உதவும், ஆனால் விவரம் குறைவாக இருந்தால் விசாரணை அந்த அளவுக்கே போகும். புகார் எண்ணை மாணவரோடு வீட்டில் இன்னொருவரும் குறித்து வைத்திருக்க வேண்டும். உடலுக்கு ஆபத்து என்ற நிலை வந்தால் இந்த எண்ணுக்காகக் காத்திருக்காமல் நேரடியாகக் காவல்துறையை அழையுங்கள்.