மிரேனா போட்டுப் பதினான்கு மாதம்: 5க்கு 4

பீரியட்ஸில் அதிகமாகப் போகும் ரத்தத்தைக் குறைக்க, காப்பர் டி மாதிரியே கர்ப்பப்பைக்குள் வைக்கிற ஒரு சின்ன பிளாஸ்டிக் சமாச்சாரம், அதற்கா இவ்வளவு விலை என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. இப்போது கேட்டால் விலைக்கு அரை நட்சத்திரம், முதல் மூன்று மாதம் படுத்திய பாட்டுக்கு அரை நட்சத்திரம் பிடித்துக்கொண்டு மீதி நான்கைத் தாராளமாகக் கொடுப்பேன்.

போட்டபோது எனக்கு 46 வயது. இரண்டு பிள்ளைகள், பள்ளிக்கூட வேலை. இரண்டு வருடமாகவே பீரியட்ஸ் வந்தால் எட்டு ஒன்பது நாள், அதில் முதல் மூன்று நாள் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி. ராத்திரி இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் அலாரம் வைத்து எழுந்து நாப்கின் மாற்றுவேன், படுக்கையில் பிள்ளைகளுக்கு வாங்கிய பழைய ரப்பர் ஷீட். வெளிர் நிறப் புடவைகள் பீரோவில் மடிப்புக் கலையாமல் கிடந்தன. 'நிக்கப் போற வயசு, அப்படித்தான் இருக்கும்' என்று அக்கா முதல் ஸ்டாஃப் ரூம் வரை எல்லோரும் சொன்னதால் நானும் விட்டுவிட்டேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் ரத்தம் பரிசோதித்தேன். ஹீமோகுளோபின் 7.8. இருக்க வேண்டியது 12.

முதலில் போன ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'பல்க்கி யூட்டரஸ்' என்று ஒரு வரி. அதைப் பார்த்த கையோடு அங்கிருந்த டாக்டர், 'குழந்தை பெத்தாச்சு, இனி எதுக்கு அந்தப் பை? எடுத்துடலாம், இன்சூரன்ஸ் இருக்கா?' என்றார். மொத்தமே ஐந்து நிமிஷம், எவ்வளவு போகிறது, ரத்தக் கட்டி விழுகிறதா என்றுகூடக் கேட்கவில்லை. பிள்ளை பெற்றவர்களுக்குக் கர்ப்பப்பை கொஞ்சம் பெரிதாகத் தெரிவது சகஜம், அந்த வார்த்தை ஒரு நோயின் பெயரே இல்லை என்பதெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது. அன்றைக்கோ எத்தனை நாள் லீவு, யார் சமைப்பது என்று வீட்டில் கணக்கே போட்டாயிற்று.

இரண்டாவதாகப் போன டாக்டரம்மா ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, நாப்கின் படம் போட்ட ஒரு தாளை எடுத்தார். ஒவ்வொரு நாப்கினுக்கும் மார்க்: லேசாக நனைந்திருந்தால் 1, பாதி என்றால் 5, முழுக்க என்றால் 20. நர்ஸ் என்னை உட்காரவைத்துப் போன மாதத்தை நாள்வாரியாக நினைவுபடுத்தச் சொன்னார். 'கட்டி எவ்வளவு பெரிசுக்கா? ஒரு ரூபா காசா, பத்து ரூபா காசா?' என்று அவர் கேட்டபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. முழுக்க நனைந்தது 15, பாதி 8, கட்டிகளைச் சேர்க்காமலே மொத்தம் 340 மார்க். 100ஐத் தாண்டினாலே அதிகமாம். நான் 'கொஞ்சம் ஜாஸ்திதான்' என்று சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான்.

அப்புறம் வரிசையாகப் பரிசோதனை. முதலில் கர்ப்பமா என்று பார்த்தார்கள் (46 வயதில்! ஆனால் இந்தப் பிரச்சினையோடு யார் போனாலும் அதுதான் முதல் டெஸ்டாம்), பிறகு தைராய்டு, உள் ஸ்கேன். 45 தாண்டியாயிற்று, அதனால் கர்ப்பப்பையின் உள்சுவரிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஜூஸ் ஸ்ட்ராவைவிட ஒல்லியான குழாய், மயக்க மருந்து இல்லை. அரை நிமிஷம் அடிவயிற்றை ஈரத்துணி மாதிரி முறுக்கிப் பிழிந்தது, அவ்வளவுதான். புற்றுநோய் இல்லை, அதற்கு முந்தைய மாற்றமும் இல்லை. உள் ஸ்கேனில் தெரிந்தது அடினோமயோசிஸ், அதாவது உள்சுவரின் திசு தசைக்குள்ளேயும் போய் வளர்வது. ரிசல்ட் வரும்வரை இரும்புச் சத்து மாத்திரை, போக்கு அதிகமான நாட்களுக்கு மட்டும் அதைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை. அதிலேயே பாதி குறைந்தது, ஆனால் காலில் ரத்தம் உறைந்த பிரச்சினை உள்ளவர்களுக்கு அது கூடாது, சொல்லாமல் வாங்கிப் போட்டுவிடாதீர்கள்.

இனி மிரேனா. இதில் 52 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் இருக்கிறது. அது தினமும் துளித்துளியாகக் கசிந்து உள்சுவரை மெலிதாக்குகிறது, சுவர் மெலிந்தால் உதிர்வதற்கு அதிகம் இருக்காது. வெறும் காப்பர் டியை இதற்குப் போட்டுக்கொள்ளக் கூடாது, அது போக்கை அதிகப்படுத்தும். சர்க்கார் ஆஸ்பத்திரியில் காப்பர் டி இலவசம், இது எங்கள் வீட்டு இரண்டு மாத மளிகைச் செலவு. போடப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, அன்று முழுக்க வலி, மறுநாள் பள்ளிக்கூடம் போய்விட்டேன்.

சோதனை அதற்குப் பிறகுதான். கிட்டத்தட்ட மூன்று மாதம் தினமும் பழுப்பாக ஒரு சொட்டு, இரண்டு சொட்டு. எங்கள் வீட்டில் சொட்டு என்றாலும் தூரம்தான். 'முன்னே எட்டு நாளாவது கணக்கு இருந்துச்சு, இப்ப மாசம் பூரா விளக்கேத்தாம இருக்கியேம்மா' என்று அத்தை கேட்டார், எனக்கும் பதில் இல்லை. பிடுங்கி எறிந்துவிடலாம் என்று ஒருநாள் போனில் அழுதே விட்டேன். மூன்று முதல் ஆறு மாதம் இப்படி இருக்கலாம் என்று டாக்டரம்மா முன்பே சொன்னதுதான், ஆனால் சொல்லிக் கேட்பது வேறு. சிலருக்கு மிரேனா தானாக வெளியே வந்துவிடுவதும் உண்டு, அதனால் அதன் நுனியில் தொங்கும் நூல் இருக்கிறதா என்று பார்க்க ஆறாவது வாரம் ஒரு தடவை வரச் சொன்னார்கள்.

நான்காவது மாதத்திலிருந்து வருவது இரண்டு நாள், சின்ன நாப்கின் போதும். ஹீமோகுளோபின் 11.9. மாத்திரையும் நின்றுவிட்டது. போன மாதம் தங்கை மகள் வளைகாப்புக்கு, மூன்றாவது நாள் என்ற யோசனையே இல்லாமல் சந்தன நிறப் பட்டு கட்டினேன்.

ஐந்து வருடத்தில் மாற்ற வேண்டும் என்று தேதி எழுதிய அட்டை கேஸ் புத்தகத்தோடு பீரோவில் இருக்கிறது. அப்போது எனக்கு 51. அதற்குள் பீரியட்ஸ் தானாகவே நின்றிருந்தால் எடுத்துவிட்டு விட்டுவிடலாமாம், இல்லையென்றால் இன்னொரு இரண்டு மாத மளிகை.