ஆசானா டெம்ப்ளேட்: ஓர் ஆடிட்டர் ஆபீஸ் அனுபவம்

ஆபீஸ் வேலைகளைப் பிரித்துக் கொடுத்துக் கண்காணிக்கும் ஆசானா மென்பொருளுக்குக் காசு கட்டலாமா என்று கேட்பவர்களுக்கு நான் ஒரே ஒரு வசதியைத்தான் காட்டுவேன்: புராஜெக்ட் டெம்ப்ளேட். மற்றதெல்லாம் எந்த மென்பொருளிலும் கூடக்குறையக் கிடைக்கும்.

ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் நிர்வாகம் பார்க்கிறேன். ஜவுளிக்காரர்கள், மஞ்சள் வியாபாரிகள், கொஞ்சம் ஏற்றுமதியாளர்கள்தான் எங்கள் கிளையண்ட்கள். புதிதாக ஒருவர் வந்தால் வாங்க வேண்டியவை எப்போதும் ஏறக்குறைய ஒன்றுதான். பான், ஜிஎஸ்டி லாகின், இ-வே பில் (சரக்கு அனுப்பும் சீட்டு) லாகின், டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே வரி) பிடிக்கிறவர் என்றால் டிரேசஸ் (அதற்கான வருமான வரித் தளம்) லாகின், பழைய ரிட்டர்ன்கள், பேங்க் ஸ்டேட்மென்ட், டேலி (கணக்கு மென்பொருள்) பேக்கப், டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்து) டோக்கன். இதை ஆளாளுக்குத் தன் டைரியில் எழுதி வைத்திருந்தால், அந்த ஆள் லீவு போட்ட அன்று வேலை நின்றுவிடும். கிளையண்டும் "இதைத்தான் நேத்தே குடுத்துட்டேனே" என்பார்.

ஆசானாவில் இந்த மொத்த வரிசையையும் ஒரு டெம்ப்ளேட்டாக வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு புது கிளையண்டுக்கும் அதிலிருந்து ஒரு புராஜெக்ட் பிறக்கும். இதில் இரண்டு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது.

ஒன்று, தேதி. டெம்ப்ளேட்டில் "12ஆம் தேதி" என்று எழுத வேண்டியதில்லை, "தொடங்கி மூன்றாம் நாள்" என்று வைத்தால் போதும். கிளையண்ட் சேரும் நாளைத் தொடக்க நாளாகக் கொடுத்தவுடன் எல்லா டாஸ்க்கும் தன் தேதியை எடுத்துக்கொள்ளும். நம் ஊர் விடுமுறை அதற்குத் தெரியாது என்பதால், பொங்கல் வாரத்தில் கிளையண்ட் சேர்ந்தால் தேதிகளை ஒரு பார்வை பார்த்துத் தள்ளி வைக்க வேண்டும்.

இன்னொன்று, பொறுப்பு. டெம்ப்ளேட்டில் ஆள் பெயருக்குப் பதிலாகப் பதவியைப் போடலாம். நாங்கள் சீனியர், ஆர்ட்டிகல் (சிஏ பயிற்சி மாணவர்), ஃப்ரன்ட் ஆபீஸ் என்று மூன்று வைத்திருக்கிறோம். புராஜெக்ட் தொடங்கும்போது இந்த முறை ஆர்ட்டிகல் யார் என்று கேட்கும், பெயரைச் சொன்னால் அவருடைய டாஸ்க் எல்லாம் அவர் பட்டியலுக்குப் போய்விடும். ஆடிட்டர் ஆபீசில் ஆர்ட்டிகல் பையன்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், பரீட்சை லீவு வேறு. பெயரைப் போட்டு வைத்த டெம்ப்ளேட் இங்கே நிலைக்காது.

எங்கள் டெம்ப்ளேட்டில் அதிகம் மெனக்கெட்ட டாஸ்க் "ஜிஎஸ்டி தளத்தில் மொபைல் எண், மெயில் மாற்று" என்பது. வெளியில் இருப்பவர்களுக்கு இது சின்ன வேலையாகத் தெரியும். சிறு வியாபாரிகளில் பலருக்குப் பழைய கணக்குப்பிள்ளையின் நம்பர்தான் அங்கே பதிவாகியிருக்கும். பாஸ்வேர்டை மாற்றப் போனால் ஓடிபி அவருக்குப் போகும். கிளையண்டோ அவரோடு முட்டிக்கொண்டுதான் நம்மிடம் வந்திருப்பார். அதனால் இந்த டாஸ்க்குக்குள் சப்டாஸ்க்காக வழியையே எழுதி வைத்திருக்கிறோம். லாகின் கையில் இருந்தால் நான்-கோர் திருத்தம் (முக்கியமல்லாத விவரங்களுக்கான திருத்தம்) போட வேண்டும், அதற்கு அதிகாரி ஒப்புதல் தேவையில்லை. லாகினும் இல்லை, பழைய நம்பருக்குப் போகும் ஓடிபியும் கிடைக்காது என்றால், பதிவு ஆவணங்களோடு அந்தப் பகுதி ஜிஎஸ்டி அதிகாரியிடம் போய் மாற்றச் சொல்ல வேண்டும். அப்படிப் போகும்போது கையில் இருக்க வேண்டிய கடிதத்தின் மாதிரியை அந்த டாஸ்க்கிலேயே இணைத்திருக்கிறோம். புதிதாகச் சேர்ந்த பையன்கூட யாரையும் கேட்காமல் செய்துவிடுகிறான்.

எது முடிந்த பிறகு எது என்றும் கட்டி வைக்கலாம். வேறொரு சார்ட்டர்டு அக்கவுண்டன்ட் தணிக்கை செய்துகொண்டிருந்த நிறுவனம் நம்மிடம் வந்தால், அவருக்கு முதலில் எழுத்துமூலம் தெரிவிக்காமல் தணிக்கையை ஏற்கக் கூடாது என்பது 1949ஆம் வருட சார்ட்டர்டு அக்கவுண்டன்ட்ஸ் சட்டத்தில் உள்ள விதி. எங்கள் டெம்ப்ளேட்டில் அந்தக் கடிதம் முன்னே நிற்கும், தணிக்கை டாஸ்க் அதற்குக் காத்திருக்கும் நிலையில் இருக்கும். ஆனால் காத்திருக்கிறது என்று காட்டுமே தவிர, பூட்டி வைக்காது. அவசரக்காரர் முடித்ததாக டிக் அடித்தால் டிக் விழும்.

இனி குறைகள். டெம்ப்ளேட்டைத் திருத்தினால் அது இனி வரும் புராஜெக்ட்டுக்குத்தான் செல்லும், ஏற்கெனவே ஓடுவதைத் தொடாது. 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் (அரசுத் தளத்தில் பதிந்து எடுக்கும் பில்) கட்டாயமாகும் விற்றுமுதல் வரம்பு 10 கோடியிலிருந்து 5 கோடிக்கு இறங்கியதே, அந்த மாதிரி ஒரு மாற்றம் வந்தால் டெம்ப்ளேட்டில் ஒரு தடவை, ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு கிளையண்டிலும் ஒரு தடவை கையால் சேர்க்க வேண்டும்.

மாதாந்திர தாக்கலை இந்த டெம்ப்ளேட்டில் திணிக்காதீர்கள். விற்பனை விவரம் சொல்லும் ஜிஎஸ்டிஆர்-1க்கு 11, வரி கட்டும் 3பி ரிட்டர்னுக்கு 20 என்று தேதி காலண்டரோடு கட்டிக் கிடக்கிறது. காலாண்டுக்காரர்களுக்கு நம் மாநிலத்தில் 3பி 22ஆம் தேதி. கிளையண்ட் சேர்ந்த நாளிலிருந்து எண்ணுகிற கணக்கு இதற்கு ஒத்தே வராது. தாக்கலுக்குத் தனி புராஜெக்ட் போட்டு, மாதாமாதம் திரும்ப வரும் டாஸ்க்காக வைத்திருக்கிறோம். டெம்ப்ளேட்டின் கடைசி டாஸ்க் "தாக்கல் புராஜெக்ட்டில் பெயர் சேர்" என்பதுதான்.

கிளையண்டையும் உள்ளே சேர்த்து அவரே ஆவணங்களை ஏற்றட்டும் என்று ஆசானாக்காரர்கள் ஆசை காட்டுவார்கள். எங்கள் ஊர் ஜவுளிக்கடை அண்ணாச்சி அதற்கெல்லாம் மசிய மாட்டார். வாட்ஸ்அப்பில் போட்டோ பிடித்து அனுப்புவார், அதுவும் பாதி பக்கம் வெட்டுப்பட்டிருக்கும். ஃப்ரன்ட் ஆபீசில் இருக்கும் அக்கா அதை வாங்கி டாஸ்க்கில் போடுகிறார். டாஸ்க் பெயர்களைத் தமிழிலேயே எழுதுகிறோம், அதில் சிக்கல் இல்லை. மெனு மட்டும் ஆங்கிலத்தில்தான். லாகின் பாஸ்வேர்டை மட்டும் தயவுசெய்து டாஸ்க்கில் எழுதாதீர்கள். புராஜெக்ட்டில் இருக்கும் எல்லோருக்கும் அது தெரியும்.

முன்பு ஆசானா மாதிரியே இன்னொரு மென்பொருளான டிரெல்லோவின் இலவசக் கணக்கு வைத்திருந்தோம். அதில் ஒரு வேலைக்கு ஒரு கார்டு, கார்டுகளை அடுக்கும் பலகைதான் போர்டு. அதில் ஒரு கார்டை டெம்ப்ளேட்டாகக் குறித்து, செக்லிஸ்ட்டோடு நகலெடுக்கலாம். கிளையண்டுக்கு ஒரு போர்டு என்று தொடங்கினால் இலவசத்தில் பத்து போர்டோடு நின்றுவிடும், அதனால் கிளையண்டுக்கு ஒரு கார்டு. ஆனால் செக்லிஸ்ட்டில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் ஆளும் தேதியும் போட வேண்டுமென்றால் காசு கட்டும் திட்டத்துக்குப் போக வேண்டும். ஒரே ஆள் நடத்தும் ஜிஎஸ்டி பிராக்டிஸ் என்றால் அந்த இலவச கார்டே தாராளம். செக்லிஸ்ட்டில் உள்ள எல்லா வேலைக்கும் நீங்களே பொறுப்பு, யாருக்குப் பிரித்துக் கொடுக்கப் போகிறீர்கள்?

ஆசானாவில் இப்படிச் சொந்த டெம்ப்ளேட் வைத்துக்கொள்ள ஸ்டார்ட்டர் திட்டம் வேண்டும். வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் ஆளுக்கு மாதம் 10.99 டாலர். ஐந்து பேர் ஆபீசுக்கு இது சின்னக் காசு இல்லை, எங்கள் ஆடிட்டர் சார் ரெனியூவலின்போது முகத்தைச் சுளிக்கத்தான் செய்கிறார். இருந்தும் கட்டுகிறார். மாதத்துக்கு இரண்டு மூன்று புது கிளையண்டாவது வருகிற, நான்கைந்து பேர் வேலை பார்க்கிற ஆபீஸ் என்றால் வாங்கலாம். வாங்கியவுடன் டெம்ப்ளேட் எழுத உட்காராதீர்கள். ஒரு கிளையண்டைச் சாதாரண புராஜெக்ட்டாகவே போட்டு முடித்துவிட்டு, அதை டெம்ப்ளேட்டாகச் சேமியுங்கள். உட்கார்ந்து யோசித்து எழுதும் பட்டியலில் அந்தப் பழைய மொபைல் நம்பர் விவகாரமெல்லாம் வராது.